காவிரிக் கரையில் கவிழ்ந்த கணக்கு

பேட்டையும் கோட்டையும்: பெங்களூரு வரலாற்றுத் தொடர் – 14

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட் பக்கம் போகிறவர்கள், இடிபட்டது போக மிஞ்சி நிற்கும் கோட்டைச் சுவரில் ஒரு பலகையைப் பார்த்திருக்கலாம். 1791 மார்ச் 21 அன்று இந்தப் பிளவின் வழியாகத்தான் ஆங்கிலேயர் உள்ளே பாய்ந்தனர் என்று அது சொல்கிறது. அந்த இரவைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். கோட்டைத் தலைவரான முதிய கில்லேதார் பகதூர் கான் பிளவருகே போரிட்டு மடிந்தார். அதற்கு இரண்டு வாரம் முன்பே பேட்டை வாசலில் கர்னல் மூர்ஹவுஸ் சுடப்பட்டு இறந்திருந்தார். வென்றவர்கள் தங்கள் வெற்றியைச் சுவரில் பதித்துவிட்டுப் போனார்கள். அதே படை, அதே தளபதி, இரண்டே மாதத்தில் தன் பெரிய பீரங்கிகளைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டு, பசியும் அம்மையுமாக இதே பெங்களூருக்குத் திரும்பி நடந்ததற்கு எங்கும் பலகை இல்லை.

என்னைக் கேட்டால், மூன்றாம் மைசூர்ப் போரில் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி கோட்டை விழுந்த இரவு அல்ல, இந்தத் திரும்பும் பயணம்தான். ஒரு பெரிய திட்டம் எப்படி வீணாகிறது, யாரால் வீணாகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி நம் பக்கத்து வரலாற்றில் குறைவு.

போர் தொடங்கியதிலிருந்தே இரண்டு தரப்பும் ஒன்றின் திட்டத்தை மற்றொன்று குலைத்துக்கொண்டுதான் இருந்தன. 1790இல் சென்னை கவர்னர் மெடோஸ் திருச்சியிலிருந்து புறப்பட்டார். கரூர், கோயம்புத்தூர், திண்டுக்கல், பாலக்காடு என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, கஜலஹட்டி கணவாய் ஏறி மைசூருக்குள் நுழைவது அவர் எண்ணம். அவர் ஏறுவதற்குள் செப்டம்பரில் மைசூர் மன்னர் திப்பு அதே கணவாய் வழியாக இறங்கிவிட்டார். சத்தியமங்கலத்தில் கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, அடிபட்டுப் பின்வாங்கியது. திப்பு அதோடு நிற்கவில்லை. மெடோஸைக் கொங்கு நாட்டில் அலையவிட்டுவிட்டுத் திருச்சி, திருவண்ணாமலை என்று கர்நாடகச் சமவெளிக்குள் புகுந்து, புதுச்சேரிக்கு அருகே போய் பிரெஞ்சுக்காரர்களோடு பேச்சு நடத்தினார். மெடோஸின் ஒரு வருடக் கணக்கு பாழானது.

அதன் பிறகுதான் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி வந்து, 1791 ஜனவரி கடைசியில் தானே தலைமையை எடுத்துக்கொண்டார். வேலூர் வரை வந்து, ஆம்பூர்ப் பக்கக் கணவாய்களுக்குப் போவதுபோல் போக்குக் காட்டினார். திப்பு அங்கே காத்திருக்க, படை சட்டென்று வடக்கே திரும்பிச் சித்தூர் வழியாக முகிலிக் கணவாய் ஏறிப் பலமநேரில் மேட்டு நிலத்தைத் தொட்டுவிட்டது. இந்த முறை ஏமாந்தவர் திப்பு. மார்ச் 5ஆம் தேதி பெங்களூரு மதிலுக்கு முன் கும்பினிக் கூடாரங்கள் நின்றன.

பெங்களூரு கையில் வந்ததும் கார்ன்வாலிஸ் போட்ட திட்டம் இது. கிழக்கிலிருந்து அவர், காவிரித் தீவில் இருந்த திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கி நடப்பார். மேற்கே மலபார்க் கரையிலிருந்து ஜெனரல் ஆபர்க்ராம்பி, குடகு அரசர் வீரராஜேந்திரரின் துணையோடு மலையேறிப் பெரியபட்டணம் வந்து நிற்பார். வடக்கிலிருந்து பரசுராம் பாவின் மராத்தாப் படையும் ஹரி பந்தின் படையும் இறங்கும். ஹைதராபாத் நிஜாமின் குதிரைப்படை கார்ன்வாலிஸுடனேயே வரும். மூன்று பக்கமும் சேர்ந்து தீவுக்கோட்டையை நெரித்தால், பருவமழைக்குள் போர் முடிந்துவிடும்.

அவருக்கு அவசரம் இருந்தது. பத்து வருடம் முன்பு, 1781 அக்டோபரில், அமெரிக்காவில் யார்க்டவுன் என்ற ஊரில் வாஷிங்டனிடமும் பிரெஞ்சுக்காரர்களிடமும் முழுப் படையோடு சரணடைந்தவர் இவர். சரணடைவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால், நள்ளிரவில் படகுகளில் ஆற்றைக் கடந்து தப்பிவிடலாம் என்று பார்த்தார். முதல் தொகுதி வீரர்கள் அக்கரை சேர்ந்த நேரத்தில் புயல்காற்று எழுந்து படகுகளைச் சிதறடித்தது. திட்டம் அங்கேயே செத்தது. அந்தப் பெயரைத் துடைக்க இந்தியாவில் ஒரு முழு வெற்றி வேண்டும் என்ற தவிப்பு அவருக்குள் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவருடைய 1791 மே மாத முடிவுகளை வேறெப்படியும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. அனுபவமுள்ள தளபதி, மழை வாசலில் நிற்கும்போது, தீனியில்லாத மாடுகளை நம்பி முற்றுகைப் பீரங்கிகளோடு கிளம்பமாட்டார்.

ஏன் மே மாதம் வரை தாமதம்? கோட்டை விழுந்தது மார்ச் 21. மார்ச் 28 அன்று கார்ன்வாலிஸ் பெங்களூரை விட்டு வடக்கே, தேவனஹள்ளிப் பக்கம் நடந்தார். நிஜாம் அனுப்பிய பத்தாயிரம் குதிரைவீரர்களைச் சந்தித்து அழைத்துவர வேண்டும். தேடிப் பிடித்து, சேர்த்துக்கொண்டு, கீழேயிருந்து கணவாய் ஏறி வந்த தானியப் பொதிகளையும் வாங்கிக்கொண்டு பெங்களூரு திரும்ப ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது. நல்ல வெயில் காலத்தில் முழுதாக ஒரு மாதம் போயிற்று. அப்படி வந்து சேர்ந்த குதிரைப்படையால் கிடைத்த லாபம் என்ன? அவர்கள் தீனி தேடி எதிரி நிலத்துக்குள் போக மறுத்தார்கள். முகாமைச் சுற்றியிருந்த கொஞ்சநஞ்சப் புல்லையும் அவர்கள் குதிரைகளே தின்று தீர்த்தன. உதவிக்கு வந்தவர்கள் பாரமானார்கள்.

இங்கே மாடுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போர் வரலாறு எழுதுகிறவர்கள் வாளையும் பீரங்கியையும் விவரித்து விட்டு, மாட்டை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்துத் தக்காணப் போர் என்பது முதலில் மாட்டின் போர். கோட்டை மதிலை உடைக்கும் பெரிய பீரங்கி ஒன்று இரண்டு டன்னுக்கு மேல் எடை. அதை மேட்டிலும் பள்ளத்திலும் இழுக்க நாற்பது, ஐம்பது மாடுகள் வேண்டும். அதற்கான குண்டுகள், மருந்துப் பீப்பாய்கள், அரிசி மூட்டைகள், கூடாரங்கள் எல்லாம் பொதிமாட்டின் முதுகில் போக வேண்டும். அந்த மாடுகளுக்கு வைக்கோலும், குதிரைகளுக்குக் கொள்ளும் வழியெல்லாம் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு புல்வெட்டி உண்டு. விடிந்ததும் அவர் சிறு கொத்தோடு கிளம்பி, எங்கேயாவது அறுகம்புல்லை வேரோடு செதுக்கி, மண்ணைத் தட்டி, கழுவிக் கட்டிக் கொண்டுவந்தால்தான் மறுநாள் அந்தக் குதிரை நடக்கும். புல்வெட்டிக்கு வெளியே போகப் பயம் வந்துவிட்டால் குதிரைப்படை இல்லை.

இந்த விஷயத்தில் மைசூர் எப்போதும் ஒரு படி மேலே இருந்தது. உடையார்கள் காலத்திலிருந்து அரசாங்கமே வளர்த்த மாட்டு மந்தைகளுக்குத் திப்பு அமிர்தமகால் என்று பெயர் வைத்தார். ஹள்ளிகார் வழி வந்த அந்த மாடுகள் மெலிந்த உடம்பும் நீண்ட கொம்புமாகப் பாய்ந்து ஓடக்கூடியவை. 1781இல் சிதம்பரத்தைக் காப்பாற்றத் திப்புவின் தந்தை ஹைதர் அலி தன் பீரங்கிகளோடு இரண்டரை நாளில் நூறு மைல் ஓடிவந்தது இந்த மாடுகளை நம்பித்தான். கும்பினியிடம் இருந்தவையோ சமவெளியில் வாடகைக்குப் பிடித்த உழவு மாடுகளும் பொதிமாடுகளும். மலைமேட்டின் குளிரும் அலைச்சலும் அவற்றுக்குப் பழக்கமில்லை. பெங்களூரு முற்றுகையின்போதே அவை கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. முற்றுகை முடிவதற்குள் சுற்றுவட்டார வைக்கோற்போர்கள் காலி. வீட்டுக் கூரையில் வேய்ந்த பழைய வைக்கோலைப் பிடுங்கிப் போடும் நிலை வந்துவிட்டது.

அப்படிப்பட்ட மாடுகளோடுதான் மே மாதத் தொடக்கத்தில் படை பெங்களூரை விட்டுக் கிளம்பியது.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நேர்வழி சென்னபட்டணா, மத்தூர், மண்டியா. இன்று மைசூரு நெடுஞ்சாலை போகும் வழிதான். அந்த வழியில் கார்ன்வாலிஸ் வருவார் என்று எதிர்பார்த்துத் திப்பு அதை முன்கூட்டியே வெறுமையாக்கி வைத்திருந்தார். அதனால் கார்ன்வாலிஸ் தெற்கே விலகிக் கனகபுரா, மளவள்ளி வழியை எடுத்தார். பெங்களூரில் இன்று மெட்ரோ பச்சைத் தடம் பட்டு நிறுவனம் வரை ஓடும் கனகபுரா சாலையின் பக்கம்தான். கனகபுராவுக்கு அப்போது கான்கானஹள்ளி என்று பெயர். காடும் கரடுமான வழி. எதிரி நினைக்காத வழியில் போனால் தீனி மிஞ்சியிருக்கும் என்பது கணக்கு. திப்புவின் குதிரைவீரர்கள் அங்கேயும் முந்திக்கொண்டார்கள். படை ஒவ்வொரு ஊரை நெருங்கும்போதும் புகை தெரிந்தது. வைக்கோற்போர்கள் எரிந்தன. தானியக் குழிகள் காலியாக இருந்தன. ஊர்களில் ஆளில்லை, ஆடுமாடில்லை.

இதைத் திப்புவின் சாமர்த்தியம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அந்த ஊர்களின் குடியானவர்களை ஒரு கணம் நினைக்க வேண்டும். அடுத்த விதைப்புக்கு வைத்திருந்த ராகியையும் மாட்டுக்குச் சேர்த்த தட்டையையும் தங்கள் அரசனின் ஆட்களே கொளுத்துவதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளோடு காட்டுக்குள் போனவர்கள் அவர்கள். கொளுத்தாமல் விட்டிருந்தால் வந்த படை தின்றிருக்கும். இரண்டில் எது நடந்தாலும் நஷ்டம் அவர்களுக்கே. அவர்கள் பெயரும் ஊர்க்கணக்கும் எந்த ஆவணத்திலும் எனக்குத் தட்டுப்பட்டதில்லை. ஆனால் கார்ன்வாலிஸைத் தடுத்தது அவர்கள் இழப்புதான்.

மே 13. படை அரகெரேயை அடைந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கிழக்கே ஒன்பது மைல். முன்னால் காவிரி. அங்கே ஆழம் குறைந்த துறையில் இறங்கித் தென்கரைக்குப் போவது முதல் எண்ணம். ஆனால் மேற்கே குடகு மலையில் மழை முந்திக்கொண்டிருந்தது. ஆறு பெருகி, பாறைகளுக்கு நடுவே சுழித்து ஓடியது. ஆட்கள் நீந்தலாம். இரண்டு டன் இரும்பு நீந்தாது.

திட்டத்தைக் கெடுப்பதற்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. அவற்றில் 'த்வார்ட்' என்பது பழைய நார்வே நாட்டுக் கடலோடிகளின் மொழியிலிருந்து வந்தது. முதலில் அதற்குக் 'குறுக்கே' என்பது மட்டும்தான் பொருள். படகில் துடுப்புப் போடுகிறவர் உட்காரும் குறுக்குப் பலகைக்கும் இன்றுவரை அதே பெயர். வழிக்குக் குறுக்கே ஒன்று கிடப்பது என்ற நேர்ப் பொருளிலிருந்துதான் காரியத்தைக் கெடுப்பது என்ற பொருள் கிளைத்தது. அரகெரேயில் கார்ன்வாலிஸ் முன் குறுக்கே கிடந்தது காவிரி.

இன்னொரு துறை இருந்தது. தீவுக்கு மேற்கே எட்டு மைலில் கண்ணம்பாடி. அங்கே போனால் ஆற்றையும் கடக்கலாம், பெரியபட்டணத்தில் காத்திருக்கும் ஆபர்க்ராம்பியோடும் சேரலாம். ஆனால் அரகெரேயிலிருந்து கண்ணம்பாடிக்குப் போக, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு எதிரே வடகரையில் அணிவகுத்து நிற்கும் திப்புவின் படையைத் தாண்டியாக வேண்டும். மே 14 இரவு பதினோரு மணிக்குமேல் கார்ன்வாலிஸ் சத்தமில்லாமல் கிளம்பினார். இருட்டில் வளைத்துப் போய், விடியுமுன் திப்புவின் பக்கவாட்டில் விழுந்து, அவர் தீவுக்குள் ஓடுவதற்குள் வழியை அடைப்பது திட்டம்.

நள்ளிரவில் வானம் உடைந்தது. இடியும் மின்னலுமாகக் கொட்டிய மழையில் அணிகள் வழி தவறின. மாடுகள் மிரண்டு படுத்துக்கொண்டன. மின்னல் வெட்டும் நேரத்தில் மட்டும்தான் முன்னால் போகிறவன் முதுகு தெரிந்தது. ஒரு கட்டத்தில் தளபதியோடு சில கம்பெனி வீரர்களும் ஒரு பீரங்கியும்தான் இருந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நின்று, விடியும்வரை காத்திருந்து, சிதறியவர்களைச் சேர்ப்பதற்குள் திப்புவுக்குச் செய்தி போய்விட்டது. பத்து வருடம் முன் யார்க் ஆற்றில் நள்ளிரவுப் புயல். இப்போது காவிரிக் கரையில். அவர் மனத்தில் அது தோன்றாமல் இருந்திருக்காது.

மறுநாள் பகலில் சண்டை நடந்தது. திப்பு எதிர்பாராத வேகத்தில் அணி திருப்பி, பாறை மேடு ஒன்றைக் கைப்பற்றி, பீரங்கிகளையும் ராக்கெட்டுகளையும் வைத்து வாட்டினார். கும்பினிப் படை மெல்ல முன்னேறி மேட்டைப் பிடித்தது. பிற்பகலில் திப்புவின் படை தீவுக் கோட்டையின் பீரங்கிகளுக்குக் கீழே ஒதுங்கிக்கொண்டது. கும்பினிப் பக்கம் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஐந்நூறு பேருக்கு அருகில். புத்தகங்களில் இது கார்ன்வாலிஸின் வெற்றி. களம் அவரிடம் இருந்தது, உண்மைதான். ஆனால் அந்தக் களத்தில் ஒரு கட்டுப் புல் இல்லை. காயம்பட்டவர்களைத் தூக்க ஆளில்லை, வண்டி இழுக்க மாடில்லை. மூன்று நாள் அங்கேயே கிடந்தார்கள்.

மே 18 அன்று மறுபடி நகர்ந்தார்கள். தீவைச் சுற்றி வளைத்துக் கண்ணம்பாடிக்குப் போகும் அந்தச் சில மைல்களை இரண்டு நாளில் கடந்தார்கள். பெரும்பகுதி தூரத்துக்குப் பீரங்கிகளை இழுத்தது மாடுகள் அல்ல, சிப்பாய்கள். நனைந்த மண்ணில் சக்கரம் அச்சுவரை புதைய, கயிற்றைத் தோளில் போட்டு அரை வயிற்றுச் சோற்றோடு இழுத்தார்கள். குதிரைவீரர்கள் குதிரையை நடத்திக்கொண்டு போனார்கள். ஏறினால் அது விழுந்துவிடும். அரிசி அளவு குறைக்கப்பட்டது. முகாமில் அம்மை பரவியது. பின்னால் வந்த கூலியாட்களும் அவர்கள் குடும்பங்களும் வழியில் செத்து விழுந்த மாடுகளின் அழுகும் இறைச்சியை அறுத்துத் தின்றார்கள்.

அந்தக் கயிற்றை இழுத்தவர்கள் யார்? சென்னைப் படையின் சிப்பாய்கள் ஆர்க்காடு, தஞ்சை, திருச்சி, நெல்லூர்ச் சீமைகளிலிருந்து சேர்க்கப்பட்டவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். மாடோட்டிகளும், டோலி தூக்கிகளும், புல்வெட்டிகளும் அதே ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிய நூல்களில் இறந்த ஒவ்வொரு ஐரோப்பிய அதிகாரியின் பெயரும் பட்டாளமும் தேதியும் இருக்கிறது. இவர்களுக்கு எண்ணிக்கை மட்டும். செத்த கூலியாட்களுக்கு அந்த எண்ணிக்கையும் சரிவரக் கிடையாது. நம் ஊர்களிலிருந்து போனவர்கள் என்பதால் மட்டுமல்ல, இந்தப் போரின் உண்மையான பாரத்தைச் சுமந்தவர்கள் என்பதாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கண்ணம்பாடியில் கார்ன்வாலிஸ் உண்மையைப் பார்த்தார். முற்றுகை நடத்த மாடில்லை, சோறில்லை. வடக்கிலிருந்து வர வேண்டிய மராத்தாக்களைப் பற்றி ஒரு வரிச் செய்திகூட இல்லை. மே 21 அன்று, மேற்கே நாற்பது மைலில் காத்துக்கொண்டிருந்த ஆபர்க்ராம்பிக்கு, மலை இறங்கி மலபாருக்கே திரும்பிவிடும்படி உத்தரவு போயிற்று. மறுநாள் மே 22. சென்னையிலிருந்து வேலூர், சித்தூர், கோலார், பெங்களூரு என்று இழுத்துவந்த முற்றுகைப் பீரங்கிகள், பெங்களூருக் கோட்டையில் பிளவு போட்ட அதே பீரங்கிகள், வெடிக்கவைத்து உடைக்கப்பட்டன. வண்டிகள் எரிக்கப்பட்டன. குண்டுகள் ஆற்றிலும் மண்ணிலும் போயின.

மே 26 அன்று படை திரும்பி நடக்கத் தொடங்கியது. அன்றே, மேலுகோட்டை மலைப் பக்கம், பக்கவாட்டில் குதிரைவீரர்கள் கூட்டம் தெரிந்தது. திப்புவின் ஆட்கள் என்று எண்ணித் துப்பாக்கிகள் உயர்ந்தன. சில குண்டுகள் வெடித்த பிறகு, அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் தனியாக வந்து, தாங்கள் மராத்தாப் படையின் முன்னணி என்றார். பரசுராம் பாவும் ஹரி பந்தும் பின்னால் ஒரு நாள் தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். பரசுராம் பாவ் தார்வாட் கோட்டையை ஆறு மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு ஏப்ரலில்தான் பிடித்திருந்தார். அதன்பின் விரைந்து வந்திருந்தார்கள். வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி ஹர்க்காராக்கள் என்ற தூதர்களை அனுப்பியும் இருந்தார்கள். ஓலை கொண்டுவந்த ஒருவர்கூடக் கும்பினி முகாமை அடையவில்லை. அத்தனை பேரையும் திப்புவின் இலகு குதிரைப்படை வழியிலேயே பிடித்துவிட்டது.

ஐந்து நாள். ஐந்து நாள் முன்பு ஒரு ஹர்க்காரா தப்பி வந்திருந்தால் பீரங்கிகள் உடைந்திருக்காது, ஆபர்க்ராம்பி திரும்பியிருக்க மாட்டார், ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கதை அந்த வருடமே வேறாகியிருக்கலாம். மராத்தா முகாமின் சந்தையில் எல்லாமே இருந்தது. அரிசி, கோதுமை, நெய், வைக்கோல், இங்கிலாந்தில் செய்த பேனாக்கத்தி, காஷ்மீர்ச் சால்வை வரை விரித்து வைத்திருந்தார்கள். விலைதான் வாய்விட்டுச் சொல்ல முடியாத விலை. பசித்த சிப்பாய்கள் கையிலிருந்ததைக் கொடுத்து வாங்கித் தின்றார்கள்.

தோல்விக்குக் காரணம் என்ன? அன்றே லண்டனில் இந்தக் கேள்வி எழுந்தது. மழைதான் என்றார்கள் கார்ன்வாலிஸின் ஆதரவாளர்கள். 1791 டிசம்பரில் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே ஒரு படம் வெளியிட்டார். 'பருவமழை வந்தது, அல்லது ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பின்வாங்கல்' என்பது அதன் தலைப்பு. அதில் கார்ன்வாலிஸ் கழுதைமேல் ஏறி ஓடுகிறார். கோட்டை மதிலின்மேல் நின்று திப்பு அவர்மேல் சிறுநீர் கழிக்கிறார். பருவமழை என்று நீங்கள் சொல்வது இதைத்தான் என்கிறது படம். முரட்டுத்தனமான படம்தான். இருந்தாலும் கில்ரே சொன்னதில் பாதி சரி என்பேன்.

மழை பெய்தது, காவிரி பெருகியது. ஆனால் மே மாதத்தில் மைசூர் மேட்டில் இடிமழை பெய்யும் என்பது அந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். எட்டு வருடம் கழித்து, 1799இல், ஜெனரல் ஹாரிஸ் இதே கனகபுரா, மளவள்ளி வழியில்தான் போனார். ஆனால் மார்ச்சிலேயே போனார். ஆறு வற்றிக் கிடக்கும்போதே சோசலே துறையில் காவிரியைக் கடந்துவிட்டார். கார்ன்வாலிஸ் பெங்களூரை விட்டுக் கிளம்பிய அதே மே முதல் வாரத்தில், மே 4 அன்று, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது; திப்பு மடிந்தார். மழை இரண்டு வருடமும் மழைதான். தேதிதான் வேறு.

ஆகவே 1791இல் கார்ன்வாலிஸைத் தோற்கடித்தவை மூன்று. ஏப்ரலில் வடக்கே தொலைத்த மாதம் ஒன்று. செய்தி போகவிடாமல் அடைத்த திப்புவின் குதிரைவீரர்கள் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, எரிந்த வைக்கோலும் செத்த மாடுகளும். அரகெரேயில் திப்பு சண்டையில் பின்வாங்கினார். ஆனால் அந்தச் சண்டைக்கு முன்பே, தீப்பந்தத்தோடு ஊர் ஊராகப் போன தன் ஆட்களைக் கொண்டு அவர் அந்த வருடப் படையெடுப்பை முடித்துவைத்துவிட்டார்.

கார்ன்வாலிஸிடம் ஒரு குணம் இருந்தது. அடிபட்ட இடத்தை அவர் மறப்பதில்லை. ஜூலை 11 அன்று பெங்களூரை அடைந்தபோது அடுத்த வருடத் திட்டம் அவர் மனத்தில் தயாராக இருந்தது. இந்த முறை பீரங்கியிலிருந்து அல்ல, மாட்டிலிருந்து தொடங்கினார். படையின் வேவுத்துறையைப் பார்த்துக்கொண்டிருந்த காப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் தானியப் பொறுப்பும் போனது. அவருக்கு உதவியாளர் தாமஸ் மன்றோ என்ற இளம் லெப்டினன்ட். கும்பினி தானே மாடு பிடிப்பதை நம்பியிராமல், ஆயிரக்கணக்கான பொதிமாடுகளோடு குடும்பமாக ஊர்விட்டு ஊர் போய்த் தானியம் விற்ற பிரிஞ்சாரிகளை ரீட் அழைத்தார். நாம் லம்பாடிகள் என்று சொல்கிறோமே, அவர்கள்தான். எந்தப் படைக்கும் அடிமையில்லாத வணிகர்கள். நல்ல விலை, கைமேல் காசு, வழியில் பாதுகாப்பு மூன்றும் தந்தால் எவ்வளவு அரிசியும் மேலே ஏறும் என்று ரீட் கணக்குப் போட்டார். கணக்குத் தவறவில்லை. அடுத்த பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் முன் நின்ற படைக்குச் சோற்றுக்குப் பஞ்சம் வரவில்லை. 1792 மார்ச்சில் திப்பு பாதி நாட்டையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டார். இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பிவைத்தார்.

அந்தப் பாதி நாட்டில் திண்டுக்கல்லும், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி சேர்ந்த பாராமகாலும் இருந்தன. பாராமகாலுக்கு முதல் கலெக்டராக வந்தவர் இதே ரீட். உதவியாளராகக் கூட வந்தவர் இதே மன்றோ. தமிழ்நாட்டுக் குடியானவர்கள் அதற்குப் பின் நூறு வருடத்துக்கு மேல் வரி கட்டிய ரயத்துவாரி முறை அங்கே அவர்கள் நடத்திய நில அளவையில் வேர்விட்டது.

ஆனால் அதற்கெல்லாம் முன்பாக மாடு ஏற வழி வேண்டும். கர்நாடகச் சமவெளியிலிருந்து பெங்களூருக்கு வரும் கணவாய்கள் இன்னும் திப்புவின் சிறு கோட்டைகளின் கையில் இருந்தன. கண்ணம்பாடியிலிருந்து திரும்பிய படை பெங்களூரில் ஒரு வாரம்கூட ஓய்வெடுக்கவில்லை. ஜூலை நடுவில் தென்கிழக்கே திரும்பிய அது முதலில் பிடித்த ஊர் ஓசூர். அடுத்து ராயக்கோட்டை. அந்த மலைக்கோட்டைகளின் கதையை அடுத்த இதழில் பார்ப்போம்.